டபுள் பார் சைக்கிள்

மைனி,

தேங்காய் எண்ணெயும் இரும்புத் துருவும் சேர்ந்த வாடை கையை விட்டு இன்னும் போகவில்லை. சீயக்காய் போட்டுக் கழுவினேன், எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்தேன். காலையில் விளக்குக்குத் திரி முறுக்கினால் திரியிலும் அதே வாடை. சுவாமி பொறுத்துக்கொள்வார் என்று ஏற்றிவிட்டேன். பின்கட்டில் சாக்கு போர்த்திக் கிடந்ததே, நம் வீட்டு டபுள் பார் சைக்கிள், அதை நேற்றுப் பகல் முழுவதும் உட்கார்ந்து துடைத்ததில் ஏறிய வாடை இது. அந்த சைக்கிளைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் கண்ணை மூடி, வருகிற ஐப்பசியோடு வருஷம் திரும்புகிறது. அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஐந்தருவி ரோட்டில் இருக்கும் நம் லாட்ஜின் முன்ஹாலை என் மகன் குமரேசன் இந்தச் சாரல் சீசனுக்கு முன்னால் புதுசாகக் கட்டியது உங்களுக்குத் தெரியாது. வருகிறவர்கள் நின்று போட்டோ எடுக்கிற மாதிரி சுவரில் ஏதாவது மாட்ட வேண்டும் என்றான். சைக்கிளை மாட்டுவோம் என்று யோசனை சொன்னது உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர். கீழே வைக்கிற பலகைக்கு வாசகமும் அவரே சொன்னார்: "எங்கள் தாத்தா ஓட்டிய சீமை சைக்கிள். வெள்ளைக்காரர் காலத்தது." குமரேசன் அதைத் தாளில் எழுதி, பெயிண்டரிடம் கொடுக்கப் பையில் வைத்துக்கொண்டான். அந்தப் பலகையில் யார் பெயர் வர வேண்டும் என்பதில்தான் பிறகு வீடு இரண்டுபட்டது.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, வீட்டின் மூத்த பிள்ளையான நீங்கள் செங்கோட்டையில் கட்டிக்கொடுத்த இடத்தில் கணவரை இழந்து திரும்பி வந்திருந்தீர்கள். மேலகரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். காலையில் டவுன் பஸ், பஸ் வராவிட்டால் நடை. குடையைக் கையில் விரிக்காமல் பிடித்துக்கொண்டு சாரலில் நனைந்தே போவீர்கள். "குடை வச்சுக்கிட்டா நனையுதிய?" என்று ஒருநாள் கேட்டேன். "இது மழையாட்டீ? யாரோ ஈரக் கையை உதறுதாவ," என்றீர்கள். உங்களிடம் எதைக் கேட்டாலும் பதில் இந்த மாதிரிதான் வரும். பதில் போல இருக்கும். பிறகு யோசித்தால் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரியும்.

சைக்கிள் விஷயத்திலும் அப்படித்தான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அதைக் கழுவுவது என் வேலை. மாமா, அதாவது உங்கள் அப்பா, அப்போது நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். கழுவி முடித்த பிறகு வருஷத்துக்கு ஒரு கை கறுப்புப் பெயிண்ட் அவரே அடிப்பார். வேறு யாரையும் பிரஷைத் தொட விட மாட்டார். பின் மட்கார்டின் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. பெயிண்ட் போய்ப் பாதி அடைத்திருக்கும். ஊக்கு முனையால் அழுக்கை எடுத்துக்கொண்டே உங்களைக் கேட்டேன்.

"மைனி, இந்த ஓட்டையெல்லாம் எதுக்கு?"

"கொசு போயிட்டு வாரதுக்கு."

"சைக்கிள்ல ஏறியா போகுது?"

"பின்ன? அதுக்கு மட்டும் கால் வலிக்காதா?"

இரண்டு பேரும் சிரித்தோம். நான் ஊக்கைச் சேலையில் குத்திக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் பூஜையில் ஒன்று நடக்கும். அது எனக்கு ஒவ்வொரு வருஷமும் விளங்காமலே இருந்தது. அரிவாள்மனை, தையல் மிஷின், மண்வெட்டி, மாமாவின் சைக்கிள் என்று எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, சந்தனமும் குங்குமமும் கரைத்து வைத்திருப்பேன். மாமா சம்பிரதாயத்தில் ஒரு இம்மி விட மாட்டார். வெளியே கிளம்பும்போது பூனை குறுக்கே வந்தால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர். அப்படிப்பட்டவர் உங்களைப் பார்த்து, "முதப் பொட்ட நீ வை," என்பார். தாலி இழந்த பெண்ணை முதல் பொட்டு வைக்கச் சொல்கிறாரே என்று அத்தை, அதாவது உங்கள் அம்மா பக்கத்துச் சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு ஆச்சி வாய்விட்டே கேட்டார்: "மருமக நிக்கால்லா, அவள வைக்கச் சொன்னா என்ன?"

"வண்டிக்கு அவதான் வைக்கணும். மத்ததுக்கு யாரும் வைங்க," என்று மாமா முடித்துவிட்டார்.

நீங்கள் மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, மேல் பார் ஹேண்டிலோடு சேரும் இடத்தில் வைப்பீர்கள். ஒரே ஒரு பொட்டு. முகத்தில் ஒன்றும் தெரியாது. மூத்த பிள்ளை என்பதால் சொல்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்திருந்த நேரம். லாட்ஜில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்து தங்கினார். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய சைக்கிள் வாங்கிச் சேர்ப்பது அவருக்குப் பொழுதுபோக்காம். குமரேசன் சும்மா இருப்பானா, "எங்க வீட்டுல சீமை வண்டி கெடக்கு சார்" என்று குத்துக்கல்வலசையில் இருக்கும் நம் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டான். அருவியில் குளித்த தலையோடு, தோளில் ஈரத் துண்டோடு வந்தார். காப்பி கொடுத்தேன். டம்ளரைக் கீழே வைக்காமலே சைக்கிளைச் சுற்றி வந்தார்.

"இது டபுள் பாருங்களா?"

"ஆமா, லோடு வண்டி," என்றார் உங்கள் தம்பி. "ஒத்தப் பாரு தாங்காதுன்னு ரெட்டைப் பாரு போட்டு சீமையில செஞ்சது. எங்கப்பா நெல்லு மூடைய வச்சு இலஞ்சியில இருந்து மிதிப்பாரு. வெள்ளைக்காரன் காலத்து வண்டி."

"ஃப்ரேம் நம்பரப் பாத்தா காலத்தச் சொல்லிப்போடலாமுங்க. சீட்டுக்குக் கீழ, குழாய் சேர்ற இடத்துல வெட்டியிருப்பாங்க."

அந்த இடத்தில் மாமா அடித்த பெயிண்ட் தோசை மாதிரி அடுக்காக இருந்தது. அவர் பேனாக்கத்தியால் மெதுவாகச் சுரண்டினார். கறுப்பு, அதற்குக் கீழே கறுப்பு, அதற்கும் கீழே கறுப்பு. கடைசியில் பச்சை வந்தது. நல்ல மாவிலைப் பச்சை. எனக்கு அது புதுசு. உங்கள் தம்பிக்கும் புதுசு என்பது அவர் குனிந்த விதத்தில் தெரிந்தது.

எழுத்து தேய்ந்து, வெறும் தடமாகத்தான் இருந்தது. வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பார்த்தார், செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. பாத்திரத்தில் வெட்டிய பெயர் தேய்ந்துபோனால் நாம் செய்வோமே, அதைச் செய்தேன். பூஜை அறையிலிருந்து திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்து வந்து, நம்பர் மேல் அழுத்தித் தடவி, துணியால் மேலாக ஒரு துடை. பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது. எழுத்தும் எண்ணும் வரிசையாக எழுந்து வந்தன.

"அட! இது நமக்குத் தோணலீங்களே," என்றார் அவர்.

"எங்க வீட்டுல காய்ச்சல்ல இருந்து கரண்ட் கட் வரைக்கும் திருநீறுதான் மருந்து," என்று உங்கள் தம்பி என்னைக் கேலி செய்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அதுதான் கடைசி.

கோயம்புத்தூர்க்காரர் போனில் ஏதோ பட்டியலைப் பார்த்தார். பின் சக்கரத்தின் நடுவையும் பார்த்தார். அதில் வேறு ஏதோ முத்திரை இருந்தது, ஆனால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. "சக்கரமெல்லாம் கழட்டி மாட்டற சாமானுங்க, எப்ப வேணா மாத்தியிருப்பாங்க. ஃப்ரேமத்தான் நம்பணும்," என்றார். முன்னால் ஒட்டியிருந்த பித்தளைத் தகட்டைப் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். இந்தியாவில் செய்தது என்று இங்கிலீஷில் இருந்தது. நான் பத்திரிகையில் எழுத்துக் கூட்டியே இங்கிலீஷ் படித்தவள். அது எனக்கே படிக்க வந்தது.

"சீமை இல்லீங்க. சுதந்திரத்துக்குப் பின்னாடி இங்கயே செஞ்சது. நம்பரும் தகடும் சொல்றதப் பாத்தா அறுபதுகள்ல வந்த வண்டி."

"எங்கப்பா வெள்ளைக்காரன் காலத்து வண்டின்னு சொன்னாரே. பொய்யா சொல்லியிருப்பாரு?"

"வித்தவங்க அவருகிட்டப் பொய் சொல்லியிருக்கலாமுங்க." மனிதர் நாகரிகமானவர். சொல்லிவிட்டு மேல் பாரின் முனையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "இன்னொண்ணு இருக்குதுங்க. சொல்லலாமான்னு தெரியல."

"சொல்லுங்க சார்," என்றான் குமரேசன்.

"இது டபுள் பாரே இல்லீங்க. லேடீஸ் வண்டி. மேல இருக்கற பாரு பிற்பாடு வச்சது."

அவர் காட்டியதை அப்படியே எழுதுகிறேன். மற்றக் குழாய்கள் சேரும் இடத்திலெல்லாம் விரலுக்கு மோதிரம் போட்ட மாதிரி உறை இருந்தது. மேல் பாருக்கு மட்டும் உறை இல்லை. பித்தளையை உருக்கி விட்டு ஒட்டியிருந்தார்கள். டபுள் பார் வண்டி என்றால் இரண்டாவது பார் மேல் பாரை ஒட்டியே போகுமாம். இதில் அது சரிந்து கீழே இறங்கியது, சேலை கட்டினவர்கள் காலைத் தூக்காமல் ஏறுவதற்கு. பச்சைப் பெயிண்ட் எல்லாக் குழாயிலும் இருந்தது, மேல் பாரில் இல்லை. கடைசியாக மட்கார்டைக் காட்டினார்.

"இந்த ஓட்டை எதுக்குன்னு தெரியுங்களா? முந்தானை சக்கரத்துல சிக்காம வலை கட்டறதுக்கு."

குமரேசன் வெடித்துச் சிரித்துவிட்டான். "அப்ப தாத்தா லேடீஸ் சைக்கிளா ஓட்டினாவ? டபுள் பாரு டபுள் பாருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சோமே!"

"சிரிக்காதல," என்றார் உங்கள் தம்பி. சட்டையைக்கூட மாட்டாமல் துண்டோடு சாரலில் இறங்கிப் போய்விட்டார். நான் வந்தவரிடம் இன்னொரு காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

ஒருவர் சொன்னார் என்பதற்காக நான் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. மளிகைக்கடைச் சீட்டையே சாமானோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் கணக்கில் ஏற்றுவேன். இது நீங்கள் கேலி செய்கிற குணம்தான். வண்டி பெண்கள் ஓட்டியது என்பதற்கு அவர் சாட்சி சொல்லிவிட்டார். அது எந்தப் பெண் என்பதற்கு சாட்சி வேண்டுமே. நம் வீட்டில் அத்தை ஓட்டியிருக்க முடியாது. பாக்கி நீங்கள்தான். ஆனால் பாக்கி இருப்பதாலேயே நீங்கள்தான் என்று எழுதிவிடலாமா?

முந்தானை சிக்காத வலை என்று அவர் சொன்ன சொல் மட்டும் மனதில் சுற்றிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் பூஜை அறையில் விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்தேன். எதிரே ஜன்னலில் உங்கள் வலைகள்.

அணில் வந்து வாழைப்பழத்தைக் கொறித்துவிட்டுப் போகிறது என்று நான் புலம்பியபோது, உங்கள் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தீர்களே, கறுப்பு நூலில் கொக்கி ஊசியால் பின்னிய இரண்டு வலைகள். விசிறி மாதிரி, ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் விரிந்தவை. சதுர ஜன்னலுக்கு அது எப்படிப் பொருந்தும்? இரண்டையும் தலைகீழாகச் சேர்த்து ஒருவழியாகக் கட்டினேன். "என்ன மைனி இது, இப்படி ஒரு வடிவத்துல பின்னியிருக்கிய?" என்று கேட்டேன். "கை போன போக்குல வந்துட்டு," என்றீர்கள். விரிந்த ஓரத்தில் வரிசையாகச் சின்னக் கம்பிக் கொக்கிகள் இருந்தன. அணிலுக்குக் கொக்கி எதற்கு என்று நான் கேட்கவே இல்லை.

சுவாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வலையை அவிழ்த்தேன். பின்கட்டுக்கு எடுத்துப் போய் மட்கார்டில் வைத்துப் பார்த்தேன். முதல் கொக்கி முதல் ஓட்டையில் மாட்டியது. பெயிண்ட் அடைத்த ஓட்டைகளை ஊக்கால் குத்திக் குத்தித் திறந்தேன். கடைசிக் கொக்கி கடைசி ஓட்டையில் நின்றது. குறுகிய முனை சக்கரத்தின் நடுவில் போய் உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் அப்படியே. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன் மைனி. பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவச சைக்கிள் கொடுத்த நாள்தான் ஞாபகம் வந்தது. அவள் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியதும், நீங்கள் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தீர்கள். சீட்டை இரண்டு விரல் இறக்கச் சொன்னீர்கள். "துப்பட்டாவ முதுகுல முடிச்சுப் போட்டுக்கோ. இறக்கத்துல முன் பிரேக்க மட்டும் பிடிக்காத, தூக்கிப் போட்டுரும்," என்றீர்கள். "அத்தைக்கு என்ன சைக்கிள் விடத் தெரிஞ்ச மாதிரி பேசுதாவ!" என்று அவள் சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அப்போது டபுள் பார் சைக்கிள் நாலடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தது.

உங்கள் தம்பி வந்து பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை.

"இது எங்கன இருந்துது?" என்றார், வலையைப் பார்த்து.

"மைனி குடுத்தது. பூஜை ரூம் ஜன்னல்ல கட்டியிருந்தேன்."

குத்தவைத்து உட்கார்ந்து வலையைத் தொட்டார். பிறகு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "நான் இதுல விரலை விட்டுப் பிடிச்சுக்கிடுவேன். அக்கா திட்டுவா, நூலு அந்துரும்னு."

அவர் சொன்னதை உங்களிடம் திருப்பிச் சொல்வது வேடிக்கைதான். உங்களுக்குத் தெரிந்த கதை. ஆனால் எங்களுக்குத் தெரிந்தது எப்போது என்பது உங்களுக்குத் தெரியாதே. கல்யாணத்துக்கு முன்பே நீங்கள் டீச்சராகி இந்த வண்டியில் பள்ளிக்கூடத்துக்குப் போனதும், சின்னப் பையனாக உங்கள் பின்னால் கேரியரில் உட்கார்ந்து போனதும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறதாம். மற்றப் பிள்ளைகள் அப்பாவின் சைக்கிளில் முன் பாரில் உட்கார்ந்து போகும்போது, இந்த வண்டியில் பார் இல்லையே என்று அவருக்கு ஏக்கமாக இருக்குமாம். உங்களுக்குக் கல்யாணம் பேசினார்கள். செங்கோட்டை வீட்டில் மருமகள் சைக்கிள் விடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்று அத்தை பேசிக் கேட்டிருக்கிறார். கல்யாணம் முடிந்து நீங்கள் போன பிறகு ஒருநாள் பார்த்தால் பச்சை வண்டி இல்லை.

"அக்கா வண்டி எங்கன்னு அப்பாட்ட கேட்டேன். அது வாடகை வண்டி, கடையில திருப்பிக் குடுத்தாச்சுன்னாரு. கொஞ்ச நாள்ல இத உருட்டிட்டு வந்தாரு. கறுப்பு வண்டி, ரெண்டு பாரு. பழைய சீமை வண்டி, ஒருத்தர்கிட்ட வாங்கினேன்னாரு. பாரைப் பாத்ததும் எனக்குத் தலைகால் புரியல. ஏறி உக்காந்துட்டேன்."

எழுந்து மேல் பாரின் மேல் கையை வைத்தார்.

"ரெண்டும் ஒரே வண்டின்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தோணலையேட்டீ."

"பெயிண்ட் மாறிட்டு. பாரு வந்துட்டு. சின்னப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?"

"அப்பாவுக்குத் தெரியும்லா."

அந்த ஒன்றைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. மாமா கெட்ட மனிதர் இல்லை. வீட்டில் வண்டி சும்மா கிடக்கிறது, வயலுக்குப் போக வண்டி வேண்டும். ஆனால் ஆண்பிள்ளை லேடீஸ் சைக்கிளில் தென்காசி பஜாருக்குள் போனால் அண்ணாச்சிமார் கடைக்குக் கடை கூப்பிட்டுக் கேலி பண்ணுவார்கள். மேலே ஒரு பாரை வைத்துக் கறுப்பு அடித்தால் ஆண்பிள்ளை வண்டி. இவ்வளவுதான் அவர் செய்தது. செய்ததை மகனிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால் ஒரு கதையும் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன கதையை நாங்கள் பலகையில் எழுதப் போயிருந்தோம்.

மறுநாள் குமரேசன் வேறு யோசனையோடு வந்தான். "கோயம்புத்தூர் சார் சொல்லுதாரு, மேல் பாரை அறுத்து எடுத்துட்டு பழைய பச்சையவே அடிச்சுட்டா ஒரிஜினல் ஆயிரும். லேடீஸ் வண்டி அந்தக் காலத்துல கொஞ்சந்தான் செஞ்சாங்களாம். பலகையில அத்தை பேரப் போட்டுருவோம்."

"அறுக்கக் கூடாது," என்றார் உங்கள் தம்பி. "எங்கப்பா மிதிச்ச வண்டி அது. அந்தப் பாருல உக்காந்துதான் நான் ஊரப் பாத்தேன்."

"அப்ப தாத்தா பேரே இருக்கட்டும்."

"அதுவும் வேண்டாம்."

"என்னப்பா நீங்க! அதுவும் வேண்டாம், இதுவும் வேண்டாம்னா?"

"சுவத்துல ஒண்ணுமே மாட்டாண்டாம். பொம்பள வண்டிய ஓட்டினாரு, மக வண்டிய எடுத்துக்கிட்டாருன்னு போறவன் வாரவன் சிரிக்கதுக்கா? சாக்கைப் போர்த்திப் பழைய எடத்துலயே வைங்க."

மைனி, இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். அவர் கோபமாக இருக்கும்போது நான் எதிர்த்துப் பேசுவதில்லை, உங்களுக்குத் தெரியும். ஆனால் சாக்கைப் போர்த்தினால் மாமா அடித்த கறுப்புப் பெயிண்டின் மேல் நாங்கள் இன்னொரு கை அடித்தது போல ஆகும் என்று பட்டது.

"மாமாவை நினைச்சுத்தானே உங்களுக்கு வருத்தம்?" என்றேன். "ஒண்ணு கேக்கேன். ஆயுத பூஜைக்கு இந்த வண்டிக்கு முதப் பொட்ட யார வைக்கச் சொல்லுவாவ?"

அவர் என்னைப் பார்த்தார்.

"பூனை குறுக்க வந்தாத் திரும்பி வாரவங்க. சொந்தக்காரங்க முகத்த முறிச்சும் வருசா வருசம் மைனியத்தான் வைக்கச் சொன்னாவ. வண்டிக்கு அவதான் வைக்கணும்னு சொன்னாவ. அது உங்க காதுலயும் விழுந்துது, என் காதுலயும் விழுந்துது. மாமா வாயால சொல்லல, அவ்வளவுதான். மைனியும் வாங்கிக்கிட்டு ஒரு பொட்டு வச்சாவ. அவங்க ரெண்டு பேருக்குள்ள அது தீந்து போச்சோ என்னவோ. நாம ஏன் ஒளிச்சு வைக்கணும்?"

குமரேசன் கேட்டான், "அப்ப என்னம்மா எழுதச் சொல்லுதிய?"

"பாரை அறுக்காத. கதையும் எழுதாத. நடந்தத எழுது."

உங்கள் தம்பி எழுந்து போய்க் கோயிலுக்குக் கிளம்பினார். வெள்ளிக்கிழமைகூட இல்லை. திரும்பி வந்து சாப்பிட்டார், படுத்தார். எனக்குச் சம்மதம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காலையில் சைக்கிளைத் துடைக்கவா என்று கேட்டேன். "தேங்கா எண்ணெய் போட்டுத் துடை. பச்சை தெரியுத எடத்துல திரும்பப் பெயிண்ட் அடிக்கச் சொல்லாத," என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நேற்று முழுவதும் துடைத்தது அப்படித்தான்.

இன்று காலை வாடை போகாத கையோடு லாட்ஜுக்குப் போனேன். சைக்கிளைச் சுவரில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு பக்கமும் உங்கள் வலை. பெயிண்டர் பலகையைத் தரையில் சாய்த்து வைத்து, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். குமரேசன் எழுதிக் கொடுத்தது இது: முதல் வரியில் உங்கள் பெயர். அடுத்து, "தையல் டீச்சர், பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிய சைக்கிள்." அதற்கும் கீழே, சின்ன எழுத்தில், "மேல் பார் பிறகு வைத்தது."

பெயிண்டர் பிரஷைப் பெயிண்டில் தோய்த்துவிட்டு நிமிர்ந்தார். "பேருக்கு முன்னால இனிஷியல் என்ன போட?"

உங்கள் பென்ஷன் புத்தகத்திலும் ரேஷன் கார்டிலும் உங்கள் வீட்டுக்காரர், செங்கோட்டை அண்ணனின் எழுத்துத்தான். உங்கள் காரியத்துக்கு அடித்த கார்டிலும் அதுதான். குமரேசன் அதைச் சொல்ல வாயெடுத்தான். உங்கள் தம்பி அப்போதுதான் ஐந்தருவிப் பக்கமிருந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா இனிஷியலப் போடுங்க," என்றார். "வண்டி ஓட்டும்போது அக்கா எங்க வீட்டுப் பிள்ள."

பெயிண்டர் போட்டார். ஒரு எழுத்து, ஒரு புள்ளி. அதற்குப் பக்கத்தில் உங்கள் பெயர். பலகையில் மாமா அந்த அளவுக்கு இருக்கிறார். உங்கள் தம்பி எட்ட நின்று பார்த்தார். ஈரம் காய்வதற்குள் விரல் வைத்துவிடப் போகிறார் என்று பெயிண்டர் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

இவ்வளவுதான் மைனி நடந்தது. ஒன்று மட்டும் என்னிடம் பாக்கி நிற்கிறது. அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம், உங்கள் சைக்கிளை நான் கழுவினேன், உங்கள் எதிரிலேயே கழுவினேன். நீங்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? அப்பாவை விட்டுக்கொடுக்க மனம் இல்லையா, தம்பி ஆசையாக பாரில் உட்கார்ந்ததைக் கெடுக்க வேண்டாம் என்றா, இல்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது என்றா? ஒவ்வொன்றும் பொருந்துகிற மாதிரித்தான் இருக்கிறது. ஒத்து வராத கணக்கில் நானாக ஒரு தொகையைப் போட்டு நேர் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.

நான் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, எண்ணெய்க் குளியலுக்கு வந்த ஒரு பெண், தலையில் எண்ணெய் சொட்டச் சொட்ட, "யாரும்மா இந்த டீச்சர்?" என்று கேட்டாள். மைனி என்றுதான் வாயில் வந்தது. அதை அப்படியே நிறுத்திக்கொண்டு, உங்கள் பெயரை இனிஷியலோடு முழுதாகச் சொன்னேன். என் வாயால் நான் அதைச் சொன்னது இதுதான் முதல் தடவை.